நாள் தவறாத கிரீஸ்

“யார்டுக்குள்ள எதையும் தொடக்கூடாது.”

“எதையுமேவா?”

“எதையும்தான். லோடர் வண்டி, கல்லாப்பெட்டி, ஆபீஸ் நாற்காலி, எதையும்.”

“உன்னை?”

“அதை யார்டுக்கு வெளியில பாத்துக்கலாம்.”

கல்யாணத்துக்குச் சில வாரங்கள் இருந்தபோது, மணல் குவியலுக்கும் ஜல்லிக் குவியலுக்கும் நடுவே நின்று அவள் சொன்னது இது. சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை. அவன்தான் சிரித்தான். சிரித்துக்கொண்டே சரி என்று தலையையும் ஆட்டிவிட்டான். அந்த வயதில், அந்த முகத்துக்கு எதிரே, ஜல்லிக் குவியலைத் தூக்கித் தலையில் வைத்துக்கொள் என்று சொல்லியிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பான்.

கிளம்பும்போது பாவம் பார்த்தோ என்னவோ, அவனைக் கூப்பிட்டு ஒரே ஒரு சலுகை கொடுத்தாள்.

“வேணும்னா வண்டிக்கு கிரீஸ் அடிச்சுக் குடுங்க. அது ஒண்ணுதான் எனக்குப் பிடிக்காத வேலை. நகக்கண்ணுல போய் உக்காந்துக்கும், சோத்துல கை வைக்கவே மனசு வராது.”

அவளுடைய கண்டிப்புக்குக் காரணம் இல்லாமல் இல்லை. அவள் அப்பா நடத்திவந்த யார்டு அது. மணல், ஜல்லி, தோட்ட மண், மக்கிய உரம் எல்லாம் குவியல் குவியலாகக் கிடக்கும். யாராவது லாரி கொண்டுவந்தால் லோடரில் வாரிப் போட்டு அனுப்புவார்கள். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதும் அவள் பொறுப்பேற்றாள். ‘சின்னப் பொண்ணு தனியா என்ன பண்ணும், நான் கூடமாட ஒத்தாசையா இருக்கேன்’ என்று அக்கா புருஷன் உள்ளே வந்தார். முதல் மாதம் ஒத்தாசை செய்தார். அடுத்த மாதம் யோசனை சொன்னார். அதற்கப்புறம் ஆபீஸ் நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார், டிரைவர்களுக்கு டீ எடுத்துக்கொண்டு அவள் நடந்தாள். அவரை அங்கிருந்து கிளப்புவதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. அக்காவோடு முகம் கொடுத்துப் பேசவே வருஷக்கணக்கில் பிடித்தது.

இதெல்லாம் அவனுக்குத் தெரியும். தெரிந்ததால்தான், மகள் எட்டாம் வகுப்புக்கு வந்துவிட்ட பிறகும், அவன் ஆசை வாய்வரை வந்து வந்து திரும்பிப் போய்க்கொண்டிருந்தது.

பெரிய ஆசை ஒன்றும் இல்லை. மருந்துக் கிடங்கு வேலையை விட்டுவிட்டு, பகல் முழுக்க அவளோடு யார்டில் வேலை செய்ய வேண்டும், அவ்வளவுதான். கிடங்கின் குளிர் அறைக்கு ஜன்னல் கிடையாது. வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும்போது அவன் உள்ளே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஊசிமருந்துப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருப்பான். ஒரு விடுமுறை நாளில் யார்டு வாசலுக்கு வெளியே நின்று அவள் லாரி நிரப்புவதைப் பார்த்திருக்கிறான். மணலைக் கொட்டி முடித்ததும், கரண்டியின் முதுகால் மாவைப் பரப்புவதுபோல, அத்தனை பெரிய பக்கெட்டின் முதுகால் குவியலை ஒரு தடவு தடவிச் சமமாக்கினாள். அன்றைக்குப் பிடித்த பித்து. ராத்திரி வீட்டுக்கு வருகிறவள் வேறொருத்தி. களைத்துப்போய், பாதிச் சாப்பாட்டிலேயே கண் சொக்குகிறவள். தன் பெண்டாட்டியின் நல்ல பகுதியெல்லாம் பகலிலேயே, தான் இல்லாத இடத்திலேயே தீர்ந்துவிடுகிறது என்று அவனுக்கு ஒரு குறை.

கேட்க முயற்சி செய்யாமலும் இல்லை. ஒரு தடவை பஸ்ஸில் அவள் தோளில் சாய்ந்து வந்தபோது, “உங்கிட்ட ஒண்ணு கேக்கணும்” என்று ஆரம்பித்து, “இந்த பஸ் அந்தப் பக்கமா சுத்திப் போகுமா?” என்று முடித்தான். இன்னொரு தடவை, அவள் நல்ல மனநிலையில் இருக்கிறாள் என்று நெருங்கிப் போய், உப்பு டப்பா எங்கே என்று கேட்டுவிட்டு வந்தான். உப்பு டப்பா அவன் கண்ணெதிரிலேயே இருந்தது.

அதனால் அவனுக்கு மிச்சம் இருந்தது கிரீஸ் மட்டும்தான்.

லோடர் என்றால், டிராக்டருக்கு முன்னால் இரண்டு இரும்புக் கைகள். கைகளின் நுனியில், ஆள் படுத்து உறங்கலாம் என்கிற அகலத்தில் பக்கெட். மடங்குகிற இடத்திலெல்லாம் குறுக்கே ஒரு தடித்த உருளைக் கம்பி ஓடும். அதைத்தான் பின் என்பார்கள். ஒவ்வொரு பின்னுக்கும் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு நிப்பிள். கிரீஸ் கன் என்கிற கைப்பம்பின் வாயை அதில் கவ்வவிட்டுக் கைப்பிடியை அமுக்கினால் கிரீஸ் உள்ளே இறங்கும். வண்டியோடு வந்த புத்தகம், பத்து மணி நேரம் ஓடினால் ஒரு தடவை அடிக்கச் சொல்கிறது. யார்டில் வண்டி ஓடுகிற ஓட்டத்துக்கு இரண்டு நாளுக்கு ஒரு தடவை என்பது தாராளம். புத்தகம் புரட்டுகிற ரகம் இல்லை அவள். அவன் தினமும் அடித்தான்.

விடிந்தும் விடியாமலும் போய், கேட்டைத் திறந்து, குவியல்களுக்கு நடுவே நிறுத்தியிருக்கும் வண்டியைச் சுற்றிச் சுற்றி வருவான். ஈர மண் வாசனை வரும். ஓட்டுநர் இருக்கையில் அவள் உட்கார்ந்து உட்கார்ந்து பள்ளம் விழுந்த இடத்தைப் பார்ப்பான். தொட மாட்டான். சொன்ன சொல் சொன்ன சொல்தான். அவள் வருவதற்குள் அவன் கிடங்குக்குக் கிளம்பிவிட வேண்டியிருக்கும். பெரும்பாலும் தெரு முனையில் இருவரும் எதிரெதிரே கடந்துபோவார்கள். அவள் கையை நீட்டி அவன் கன்னத்தில் அப்பியிருக்கும் கிரீஸைத் துடைத்துவிட்டுப் போவாள்.

டிரைவர்கள் அவனுக்கு ‘கிரீஸ் மாப்பிள்ளை’ என்று பட்டமே கட்டிவிட்டார்கள். எப்போதும் இரண்டு தடவை ஹார்ன் அடித்துவிட்டு உள்ளே வருவதால் டபுள் ஹார்ன் என்று பெயர் வாங்கிய லாரி டிரைவர், அவளிடமே கேட்டாராம்: “ஏன்க்கா, உங்க வீட்டுக்காரர் தலைக்குத் தேய்க்கவேண்டியதை எல்லாம் வண்டிக்கே தேச்சிடறாரா? அங்க ஒரே வழுக்கை, இங்க ஒரே வழவழப்பு!”

அந்த வழவழப்பு வண்டிதான் ஒரு வெள்ளிக்கிழமை கத்த ஆரம்பித்தது.

“பக்கெட்டைக் கவுக்கும்போது இடது பக்கம் கீச்சுன்னு கத்துது,” என்றாள் அவள், சாப்பிடும்போது. “கிரீஸ் அடிச்சீங்களா?”

“அடிச்சேனே. தினமும் அடிக்கிறேனே.”

“அப்ப ஏன் கத்துது?”

“அப்பா வண்டிக்கு அடிச்சதைவிட சட்டைக்கு அடிச்சதுதான் ஜாஸ்தி,” என்றாள் மகள்.

அவள் சிரித்தாள். அவனும் சிரித்து வைத்தான். யார்டில் அவனுக்கென்று இருப்பது ஒரே ஒரு வேலை. அதையும் ஒழுங்காகச் செய்யவில்லை என்றாகிவிட்டால், அப்புறம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு அவளிடம் வேலை கேட்பது?

மறுநாள் காலை இடது பக்கத்துக்கு மட்டும் கூடுதலாக அடித்தான். சனிக்கிழமையும் கத்தியது. இன்னும் சத்தமாகவே கத்தியதாம். “அழுவுதுக்கா உங்க வண்டி, மாப்பிள்ளை எங்கேன்னு கேக்குது” என்று டபுள் ஹார்ன் சொன்னாராம்.

ஞாயிற்றுக்கிழமை யார்டுக்கு லாரிகள் வராது. “வாங்க, ரெண்டு பேருமா போய்ப் பாத்துடலாம்” என்று அவள் கூப்பிட்டாள். அவள் வண்டியில் ஏறி உட்கார, அவன் கிரீஸ் கன்னோடு கீழே நின்றான். யோசித்துப் பார்த்தால், இருவரும் அந்த வண்டியருகே ஒரே நேரத்தில் வேலையாக நின்றது அதுதான் முதல் தடவை.

வண்டி எப்போதும் நிற்கிறபடியே நின்றது. பக்கெட்டைத் தரையில் வைத்தால் லாரிகள் திரும்புகிற வழி அடைபடும் என்று, சில மாதங்களாகத் தினமும் சாயங்காலம் அவள் இரும்புக் கைகளைத் தூக்கி, அடியில் இரண்டு தாங்கிகளை முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவாள். கைகளின் நுனியில் பக்கெட் அந்தரத்தில் தொங்கும். காலையில் அவன் பார்ப்பதெல்லாம் இந்தக் கோலத்தைத்தான்.

அவன் நிப்பிளைத் துடைத்து, கன்னைப் பொருத்தி அமுக்கினான். கைப்பிடி கல்போல எதிர்த்தது. இன்னும் அழுத்தினான். கிரீஸ் வந்தது.

“வருதே?” என்றாள் அவள் மேலிருந்து.

தினமும் அவனும் இதைத்தான் பார்த்தான். வழிகிறது, அப்படியென்றால் நிறைந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வான். இன்றைக்கு அவள் பார்த்துக்கொண்டிருந்ததாலோ என்னவோ, எல்லாவற்றையும் துணியால் சுத்தமாகத் துடைத்துவிட்டு, மூக்கு உரசும் அளவுக்குக் குனிந்து மறுபடியும் ஒரு அமுக்கு அமுக்கிப் பார்த்தான். கன்னின் வாய்க்கும் நிப்பிளுக்கும் நடுவிலிருந்து கிரீஸ் பிதுங்கியது. பின்னின் ஓரத்தில் ஒரு பொட்டுக்கூட எட்டிப்பார்க்கவில்லை.

“உள்ள இறங்கவே இல்லை,” என்றான். “வெளியிலயே வழியுது. இத்தனை நாளும் இப்படித்தான் வழிஞ்சிருக்கு.”

அவள் எட்டிப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தான். அவள் பக்கெட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தொங்குதுல்ல,” என்றாள் மெதுவாக. “அவ்வளவு எடையும் அந்தப் பின்னு மேலதானே உக்காந்திருக்கும்? ஓட்டையை அதுவே அடைச்சுக்கிச்சோ என்னவோ. தள்ளி நில்லுங்க. கீழ வச்சுப் பாக்கலாம்.”

வண்டியைக் கிளப்பி, இரும்புக் கைகளை இம்மியளவு உயர்த்தினாள். இன்ஜினை அணைத்துவிட்டு அவள் தலையசைத்த பிறகு அவன் தாங்கிகளை உருவி எடுத்தான். மறுபடி கிளப்பி, குழந்தையைப் பாயில் கிடத்துவதுபோலப் பக்கெட்டைத் தரையில் கிடத்தினாள். இன்ஜின் அடங்கியது. யார்டில் ஒரு காக்கை மட்டும் உரக் குவியலைக் கிளறிக்கொண்டிருந்தது.

அவன் கன்னைப் பொருத்தி அமுக்கினான். கைப்பிடி முதலில் முரண்டு பிடித்தது. அப்புறம் வெண்ணெயில் இறங்கின மாதிரி ஒரே இறக்கமாக இறங்கியது. பின்னின் ஓரத்திலிருந்து துருவும் தூசியும் கலந்த சிவப்புக் குழம்பு வந்தது. பிறகு கறுப்பாக வந்தது. விடாமல் அமுக்கினான். கடைசியில் சுத்தமான கிரீஸ் மோதிரம் போட்டதுபோலச் சுற்றிலும் வந்து நின்றது.

அவள் மறுபடி வண்டியைக் கிளப்பி, பக்கெட்டைத் தூக்கிக் கவிழ்த்தாள், நிமிர்த்தினாள், கவிழ்த்தாள். சத்தமே இல்லை.

“அப்பாடா! நான் தூக்கி வச்சிட்டுப் போறதும், நீங்க வந்து அப்படியே அடிச்சிட்டுப் போறதும்! நல்ல ஜோடிதான் போங்க!”

அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பக்கெட்டைத் தரையில் வைத்து இன்ஜினை அணைத்த பிறகும் சிரித்தாள். திட்டு இல்லை, குத்தல் இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் கேட்டாள்:

“சரி, இனிமே எப்படி? தினமும் நான் மேல உக்காரணும், நீங்க கீழ நிக்கணும், ரெண்டு ஆள் வேணுமா?”

ஆமாம் என்று ஒரு சொல் போதும். ஆமாம், ரெண்டு பேர் வேணும், தினமும் வேணும் என்று சொல்லிவிட்டால், காலையில் அரைமணி நேரம் அவனுடையது. அது மெல்ல ஒரு மணி நேரமாகும். அப்புறம் இருக்கவே இருக்கிறது, இன்னும் ஏதாவது ஒத்தாசை. ஒத்தாசை என்ற சொல் மனதில் விழுந்ததும் அவனுக்குக் கூச்சமாகப் போய்விட்டது. அந்த வழியாக இந்த யார்டுக்குள் ஏற்கெனவே ஒருத்தர் வந்துபோயிருக்கிறார்.

“வேண்டாம்,” என்றான். “சாயங்காலம் வேலை முடிஞ்சதும் பக்கெட்டைத் தரையில வச்சு, இன்ஜினை அணைச்சிட்டு நீயே அடிச்சிடலாம். வண்டியைச் சுவத்தைப் பாக்கத் திருப்பி நிறுத்தினா வழியும் அடைபடாது. கையுறை போட்டுக்கிட்டா நகத்துலயும் ஏறாது.”

“தினமும் அடிக்கணுமே.”

“தினமும் வேண்டாம்.” அவன் கன்னைத் தரையில் வைத்தான். “பத்து மணி நேரம் ஓடினா ஒரு தடவைன்னு புத்தகத்துல இருக்கு. நீ ஓட்டுறதுக்கு ரெண்டு நாளைக்கு ஒரு தடவை போதும்.”

சிரிப்பு அடங்கியது. அவள் வண்டியிலிருந்து இறங்கி, அவன் எதிரே வந்து நின்றாள்.

“ரெண்டு நாளைக்கு ஒரு தடவை போதும்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?”

“முதல்லேர்ந்தே தெரியும்.”

“அப்புறம் எதுக்குங்க தினமும் இருட்டோட எழுந்து ஓடி வந்தீங்க? மழையில, காய்ச்சல்ல கூட? நான் வேண்டாம்னு சொன்னாலும் கேக்காம?”

காக்கை பறந்துபோனது. இந்தத் தடவை பஸ்ஸும் இல்லை, உப்பு டப்பாவும் இல்லை. அவன் கையைத் துணியில் துடைத்தான். துடைத்த கையையே இன்னொரு தடவை துடைத்தான். அவள் காத்திருந்தாள். லாரி டிரைவர்கள் எவ்வளவு கத்தினாலும் அசையாமல் நிற்பாளாமே, அந்த நிற்பு.

“இங்க இருக்கணும்னுதான் வந்தேன்,” என்றான். “கிரீஸ் ஒரு சாக்கு. ரொம்ப வருஷமா உங்கிட்ட ஒண்ணு கேக்கணும்னு நினைச்சு, பயந்து, அப்படியே விட்டுட்டேன். எனக்கு நாற்காலி வேண்டாம்மா. யோசனையெல்லாம் சொல்ல மாட்டேன். மண்ணு சலிக்கச் சொன்னா சலிக்கிறேன், லாரிக்குப் பின்னால நின்னு கை காட்டச் சொன்னா காட்டுறேன். தப்புப் பண்ணினா டிரைவருங்க முன்னாலயே திட்டு, பரவாயில்லை. வேண்டாம்னு தோணிச்சுன்னா வேண்டாம்னே சொல்லு, கோவிச்சுக்க மாட்டேன்.”

அவள் முகத்தை நேராகப் பார்த்தான்.

“கிடங்கு வேலையை விட்டுட்டு உங்கிட்டயே வேலைக்கு வரேன். என்னைச் சேத்துக்கறியா?”