நான்முகன் முன் எட்டுப் பெண்கள்

"அரண்மனை இன்னைக்கு மூடியிருக்கு."

பாங்காக்கில் இதைவிடக் கேவலமான பொய் கிடையாது. பெரிய வாசலுக்குக் கொஞ்சம் தள்ளி, இஸ்திரி போட்ட சட்டையோடு ஒருவன் நிற்பான். வெளிநாட்டுக்காரர்களைப் பார்த்துப் பல்லைக் காட்டிக்கொண்டு இதைச் சொல்வான். பாவம், நம்பிவிடுவார்கள். அவர்களை ஒரு துக்துக் ஆட்டோவில் ஏற்றி ரத்தினக் கடையில் கொண்டுபோய் இறக்குவான். கடைக்காரன் நீலக்கல் என்று சொல்லிக் கண்ணாடியைத் தலையில் கட்டிவிடுவான். அரண்மனையோ அந்த நேரம் முழுக்க ஜம்மென்று திறந்து கிடக்கும்.

இந்தப் பொய்யை நான் சொன்னதாக என் சுற்றுலாக் கம்பெனிக்கு ஒரு கடிதம் போனது. நான்! பத்தொன்பது வருஷமாக அரண்மனையைச் சுற்றிக்காட்டுகிறவள். அரைக்கால் சட்டையோடு வருகிறவர்களுக்குக் கட்டிக்கொள்ளக் கொடுக்க, என் வீட்டிலிருந்தே நாலு கைலி எடுத்துப் போகிறவள். மரகத புத்தருக்கு எந்த மாதம் எந்த உடை மாற்றுவார்கள் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். என் பெயர் ஒனுமா தோங்தீ. ஆனால் அந்தப் பெயர் யாருக்குத் தெரியும்? எங்கள் ஊரில் எல்லோருக்கும் செல்லப்பெயர்தான். எனக்கு குங். இறால் என்று அர்த்தம். பிறந்தபோது அப்படித்தான் சுருண்டு கிடந்தேனாம்.

கடிதத்தில் கையெழுத்து இல்லை. எந்தெந்தத் தேதியில் எந்தக் கூட்டத்தை நான் கடைக்குக் கூட்டிப்போனேன் என்று மட்டும் வரிசையாக இருந்தது. அந்தத் தேதிகளில் நான் வேலைக்கு வந்தது நிஜம். கடைக்குப் போனதுதான் பொய். மேனேஜர் என் முகத்தைப் பார்க்காமலே, "விசாரிக்கிறோம், அதுவரைக்கும் படகுல இருங்க" என்றார். எதையும் விசாரிக்கவில்லை. ஐந்து மாதம் ஆற்றுப் படகில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "இடது பக்கம் விடியல் கோயில், வலது பக்கம் பூச்சந்தை" என்று கிளிப்பிள்ளை மாதிரி கத்தினேன். படகு அரண்மனையைத் தாண்டும்போதெல்லாம் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். சக வழிகாட்டிகள் என்னைப் பார்த்தால் பேச்சை நிறுத்தினார்கள். அரண்மனை வேலை போனதுகூடப் பெரிதில்லை. திருடி என்று பெயர் வாங்கிக்கொண்டு அந்த ஊருக்குள்ளேயே நடமாட வேண்டியிருந்ததே, அதுதான் என்னைத் தின்றது.

அப்போது என்னோடு நின்றவள் மயோம் ஒருத்திதான். அரைநெல்லி என்று அர்த்தம். என்னைவிடப் பத்து வயது சின்னவள், பதினோரு வருஷமாக அதே கம்பெனியில், படகுச் சுற்றில் வேலை பார்க்கிற என் கூட்டாளி. வழிகாட்டி உரிமத்துக்கான விண்ணப்பத்தைக்கூட அவள் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கிறது என்று நான்தான் உட்கார்ந்து நிரப்பிக் கொடுத்தேன். கடிதம் வந்த அன்று சாயங்காலமே இஞ்சி தூவின கஞ்சி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். என்னைவிட அதிகமாக அழுதாள்.

"எந்த நாய் எழுதுச்சோ, அது கை விளங்காமப் போகும் பாருங்கக்கா!"

"விடுடி. வாயை நாறடிச்சுக்காதே."

"வாங்க, நாளைக்குக் காலையில நான்முகன்கிட்ட போவோம். அவர் பார்த்துக்குவார்."

சந்திப்பு மூலையில், மேலே ரயில் ஓடுகிற பாலத்துக்குக் கீழே உட்கார்ந்திருக்கிற எங்கள் நான்முகன் சாமானியப்பட்டவர் இல்லை. கேட்டதைக் கொடுப்பார். கொடுத்தபின் சொன்னதைச் செய்யாவிட்டால் விடமாட்டார். அவருக்குப் பிடித்தது ஆட்டம். வேண்டுதல் பலித்தால் கிரீடம் வைத்த பெண்களை ஆடவைக்க வேண்டும். பெயரையும் பலித்தது என்ன என்பதையும் சீட்டில் எழுதிக் கொடுத்தால், ஆடுகிற பெண்கள் அதைப் பாட்டிலே சேர்த்துச் சாமிக்குச் சொல்வார்கள். என்ன கேட்டோமோ அதையே எழுத வேண்டும். ஒன்றைக் கேட்டுவிட்டு வேறொன்றை எழுதினால் நேர்த்திக்கடன் கழியாது, குடும்பத்துக்கே ஆகாது.

அன்றைக்கு இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் மண்டியிட்டோம். நான் வாய்விட்டே வேண்டிக்கொண்டேன். "கடிதம் எழுதினது யாருன்னு என் கண்ணுல காட்டு. எட்டுப் பொண்ணுங்களை ஆடவைக்கிறேன்." மயோம் வெகுநேரம் கண்ணை மூடியிருந்தாள்.

"நீ என்னடி வேண்டிக்கிட்டே?"

"உங்களுக்காகத்தான்க்கா. எனக்கு வேற யாரு இருக்கா?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. சொந்தத் தங்கச்சிகூட இப்படி இருக்கமாட்டாள் என்று நினைத்தேன். முட்டாள்.

அடுத்த மாதமே என் அரண்மனை வேலையை மயோமுக்குக் கொடுத்தார்கள். "உங்க இடத்துல நான் எப்படிக்கா போய் நிக்கிறது?" என்று மூக்கைச் சிந்தினாள். "யாரோ வர்றதுக்குப் பதிலா நீ போ" என்று நான்தான் பிடித்துத் தள்ளினேன். கூட்டத்தில் தூக்கிப் பிடிப்பதற்கு என் ரோஸ் குடையையும் கொடுத்தேன். கைப்பிடியில் சிவப்பு நூல் சுற்றின குடை.

போன செவ்வாய்க்கிழமை காலையில், நகர் சுற்றுக்குப் போக வேண்டியவனுக்கு வயிற்றுப்போக்கு. என்னைப் படகிலிருந்து இறக்கி அனுப்பினார்கள். மணிலாவிலிருந்து வந்த பன்னிரண்டு பேர், எல்லோரும் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட டீச்சர்கள். காலையில் நான்முகன், அப்புறம் சீனத்தெருவில் சாப்பாடு, ஒரு மணிக்கு அரண்மனை வாசலில் மயோமிடம் ஒப்படைக்க வேண்டும். அவர்களுக்குத் தலைவி எர்லிண்டா டீச்சர். கையில் நோட்டு, காதில் பென்சில், வாயில் கேள்வி.

பத்து மணிக்குக் கோயிலில் நல்ல கூட்டம். ஊதுபத்திப் புகை கண்ணைக் கரித்தது. ஆட்ட மேடையில் நாலு பெண்கள் எழுந்தார்கள், மத்தளக்காரன் தட்ட ஆரம்பித்தான்.

"யாருக்காக ஆடுறாங்க?" என்றார் எர்லிண்டா டீச்சர்.

"யாருக்கோ வேண்டுதல் பலிச்சிருக்கு. பேரைப் பாடுவாங்க, கேளுங்க. நான் அர்த்தம் சொல்றேன்."

முன்வரிசைப் பெண் வாயைத் திறந்தாள். "ரத்திகான் மணிவோங்..."

அந்தப் பெயர் இந்த ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்? கம்பெனியில்கூட எல்லோருக்கும் அவள் மயோம்தான். ஆனால் விண்ணப்பத்தில் அந்தப் பெயரைக் கட்டம் கட்டமாக நிரப்பினவள் நான். மேடைக்கு முன்னால் மண்டியிட்டிருந்தவளின் முதுகைப் பார்த்தேன். பக்கத்தில் ரோஸ் குடை. சிவப்பு நூல்.

அடிப்பாவி, வேண்டுதல் பலித்ததா, என்னிடம் சொல்லவே இல்லையே என்று சந்தோஷமாகத்தான் ஒரு அடி முன்னால் எடுத்துவைத்தேன். அதற்குள் பாட்டு தொடர்ந்தது.

"...எழுதின கடிதத்தை நம்பினார்கள், அரண்மனை வேலை எனக்குக் கிடைத்தது, நன்றி ஐயனே..."

மூன்று தடவை பாடினார்கள். வழக்கமே மூன்று தடவைதான். முதல் தடவை எனக்குக் காது அடைத்தது. இரண்டாம் தடவை அந்தக் கஞ்சி ஞாபகம் வந்தது, இஞ்சி தூவின கஞ்சி. மூன்றாம் தடவை அந்த வேண்டுதல் நாள் ஞாபகம் வந்தது. இங்கேதானே, என் தோளில் தோள் இடிக்க உட்கார்ந்து, என் தலையில் மண்ணைப் போடச் சொல்லிக் கேட்டிருக்கிறாள்! நான் அவளுக்காகக் கண் கலங்கினேன்.

"என்ன பாடினாங்க?" நோட்டோடு டீச்சர்.

சொன்னேன். ஒரு வார்த்தை விடவில்லை.

"என்ன கடிதம்?"

"ஒரு நிமிஷம் இருங்க டீச்சர். எனக்கும் ஒரு நேர்த்திக்கடன் இருக்கு."

கவுண்டருக்குப் போனேன். உள்ளே இருந்தவர் என்னை வருஷக்கணக்காகத் தெரிந்தவர்.

"என்ன குங், எத்தனை பேரு?"

"எட்டு."

"அம்மாடி! லாட்டரியா?"

"அதுக்கும் மேல."

சீட்டில் எழுதினேன். எழுத்து முத்து முத்தாக வந்தது. மயோம் அதற்குள் எழுந்து, சாமியைச் சுற்றி ஒவ்வொரு முகத்துக்கும் மாலை வைக்கப் போயிருந்தாள். நான் முதல் முகத்துக்கு எதிரே, அவள் மண்டியிட்ட அதே இடத்தில் மண்டியிட்டேன். எட்டுப் பெண்கள் எழுந்ததும் வேடிக்கை பார்க்கிறவர்கள் நெருங்கி வந்தார்கள். எட்டு என்றால் பெரிய வேண்டுதல் என்று எல்லோருக்கும் தெரியும்.

"ஒனுமா தோங்தீ... பொய்க் கடிதம் எழுதினவளைக் கண்ணில் காட்டினாய், நன்றி ஐயனே..."

மயோம் மூன்றாவது முகத்தில் நின்றிருந்தாள். ஊதுபத்தி கையிலேயே இருந்தது. திரும்பினாள், பார்த்தாள். எட்டுப் பெண்கள் எதற்கு என்று அவளுக்கா தெரியாது? ஓடிப்போயிருப்பாள். ஆனால் நாலாவது மாலையை வைக்காமல் போனால் அவள் நேர்த்திக்கடன் கழியாது. அந்தப் பயம்தானே கடிதத்தையே சீட்டில் எழுதவைத்தது. மூன்று தடவையும் பாடி முடிகிறவரை, முகமெல்லாம் வியர்த்துக் கொட்ட, அங்கேயே நின்றாள். மனுஷியை ஏமாற்றத் துணிந்தவளுக்குச் சாமியை ஏமாற்றத் தைரியம் வரவில்லை.

கடைசி மாலையை வைத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"அக்கா... அம்மா ஆஸ்பத்திரியில கிடந்தாங்க. படகுச் சம்பளம் பத்தலை. அரண்மனையில ஒரே ஒரு இடம்தான்..."

"கேட்டிருந்தா கொடுத்திருப்பேனேடி."

அது நிஜம். கொடுத்திருப்பேன். அதைச் சொன்னபிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

"ஆபீஸ்ல சொல்லிடாதீங்கக்கா."

"நான் எதுக்குச் சொல்லணும்? இவ்வளவு பேர் கேட்டாச்சு. சீட்டு கவுண்டர்ல இருக்கு, உன் கையெழுத்துல."

அவள் குடையை என்னிடம் நீட்டினாள். நான் வாங்கவில்லை. குடையை அவளே பிடித்துக்கொண்டு போகட்டும்.

எர்லிண்டா டீச்சரிடம் இரண்டாவது பாட்டுக்கும் அர்த்தம் சொன்னேன், கடிதக் கதையையும் சொன்னேன். பன்னிரண்டு டீச்சர்களும் காப்பியடித்து மாட்டின பிள்ளையைப் பார்க்கிற மாதிரி மயோமைப் பார்த்தார்கள்.

"மத்தியானம் அரண்மனைக்குள்ள எங்களைக் கூட்டிட்டுப் போறது இவளா?" என்றார் டீச்சர்.

"ஆமா."

"அப்ப வேண்டாம். அரண்மனை பார்க்காட்டி ஒண்ணும் குறைஞ்சு போயிடாது. நாங்க உங்ககூடவே இருக்கோம்."

எனக்கு அது இனித்தது. இல்லை என்று சொல்லமாட்டேன். சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அரண்மனை வாசலில் அவள் ஒற்றையாக நிற்பாள். மேனேஜர் ஏன் என்று கேட்பார். மயோம் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் அரண்மனைக்கு வந்தவர்களை அரண்மனை பார்க்காமல் திருப்பி அனுப்பினவள் என்றுதானே அந்தக் கடிதம் என்னைச் சொன்னது?

முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

"அரண்மனை இன்னைக்கு திறந்துதான் இருக்கு டீச்சர்," என்றேன். "கண்டிப்பா போய்ப் பாருங்க."