திமிங்கிலப் பேனுக்கு ஊற்றிய நல்ல தண்ணீர்

"அந்தப் பேனுச் சனியனை வெளிய கொண்டுபோறியா, இல்ல நான் வெந்நியைக் காச்சி ஊத்தவா?"

"ஆத்தா, இது தலையில ஏறுற பேனில்ல. நண்டு, இறால் சாதி. திமிங்கிலத்து மேல ஒட்டிக்கிட்டுக் கிடக்கும். பேருதான் பேனு."

"ஏறாதுன்னு அதுகிட்ட எழுதி வாங்கியாந்தியாக்கும்! வியாழக்கிழமை முன்னோருக்குப் படைப்பு. பங்காளி எல்லாம் வருவாக. 'வாங்க, எங்க வீட்டுப் பேனைப் பாருங்க'ன்னு காட்டப் போறியா?"

அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த நாகம்மைக்குச் சிரிப்பு வந்தது. மாமியார் விசாலாட்சி ஆச்சிக்கும் கணவன் அழகுசுந்தரத்துக்கும் இந்த வாய்ச்சண்டை புதிதில்லை.

அது அறுபத்தெட்டாம் வருடம். அழகுசுந்தரம் காரைக்குடியில் காலேஜ் வாத்தியார், விலங்கியல். தொண்டிப் பக்கம் திமிங்கிலம் கரை ஒதுங்கியதென்று கேட்டதும் பஸ் ஏறிப் போய், ஒரு துண்டுத் தோலைப் பேன்களோடு அறுத்து வந்துவிட்டான். இரண்டாங்கட்டு மூலையில், எனாமல் பேசினில், கடல்தண்ணீரில் நனைத்த சாக்குக்கு அடியில் அது இருந்தது. மெட்ராஸிலிருந்து ஒரு பெரிய புரொபசர் பார்க்க வருகிறார். உயிரோடு காட்டிவிட்டால் அவரிடமே ஆராய்ச்சிக்குச் சேர்ந்துவிடலாம். அவனுக்கு அது பல வருட ஆசை.

"இதுகளுக்கு நீந்தத் தெரியாது நாகம்மை. பொறந்ததுலருந்து சாகுற வரைக்கும் அந்தத் தோல்தான் ஊரு" என்று அவளுக்குக் காட்டியிருந்தான். கொக்கிக் கால்களால் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்த அந்த வெளிறிய பூச்சிகளைப் பார்க்க அவளுக்குப் பாவமாக இருந்தது.

மறுநாள் மத்தியானம் அவன் காலேஜில் இருந்தான். சாக்கு காய்ந்து விறைத்துக் கிடந்தது. இந்த ஊரில் யார் வந்தாலும் முதலில் நீட்டுவது தித்திக்கும் சம்பை ஊற்றுத் தண்ணீரைத்தான். நாகம்மையும் குடிதண்ணீர்ப் பானையில் ஒரு செம்பு மொண்டு போய், "குளுந்து கிடங்க" என்று ஊற்றினாள்.

சாயங்காலம் பேன்கள் பிடி விட்டு, பேசின் அடியில் உதிர்ந்து கிடந்தன. அழகுசுந்தரம் விரலை நனைத்து நாக்கில் வைத்தான்.

"உப்பே இல்லையே! நல்ல தண்ணியை ஊத்துனா இதுக சாகாம என்ன செய்யும்?"

தான் ஊற்றியதுதான் என்று நாகம்மைக்குப் புரிந்தது. வாய் திறப்பதற்குள் அவன் ஆச்சியிடம் திரும்பிவிட்டான்.

"சொன்னபடியே செஞ்சுட்டியே ஆத்தா!"

"நான் அங்குட்டே போகலைடா."

"பொய் சொல்லாத!"

பெற்றவளை அவன் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. ஆச்சி அதற்கு மேல் பேசவில்லை. நாகம்மையும் பேசவில்லை.

புரொபசரிடம் காட்ட எதுவும் மிஞ்சவில்லை; ஆராய்ச்சி ஆசை அதோடு போயிற்று. படைப்பு முடிந்த கையோடு தேவகோட்டையில் வாடகைக்கு வீடு பார்த்து நாகம்மையோடு குடிபோய்விட்டான். அப்புறம் வருடம் ஒருமுறை, முன்னோருக்குப் படைக்கும் அந்த நாளில் மட்டும் வந்து, இலையில் உட்கார்ந்துவிட்டுப் போவான்.

ஆச்சி படுக்கையில் விழுந்ததும் நாகம்மை ஓடிவந்தாள். கையைப் பிடித்துக்கொண்டு, "அன்னைக்கு நாந்தான்..." என்று அழுதாள்.

"செம்போட போனதைப் பாத்தேன்டி. சொன்னா உன்னையத்தான வைவான். என்னைய வஞ்சா, பெத்தவதானேன்னு கோவம் ஆறி வந்துருவான்னு நெனச்சேன். வரலை."

அதற்குப் பிறகு ஆச்சி அதிக நாள் இருக்கவில்லை.

இப்போது படைப்பில் ஆச்சிக்கும் ஒரு சேலை வைக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் அதைப் பார்த்து அழகுசுந்தரம் சொல்வான்: "ஒரு வார்த்தை ஒத்துக்கிட்டிருந்தா நான் வீட்டை விட்டுப் போயிருக்கவே மாட்டேன்." நாகம்மை தலையைக் குனிந்துகொள்வாள்.

அடுத்த மாதம் மறுபடி படைப்பு. சொன்னால், பொய் சொல்லாத தாயைப் பழித்தோம் என்பது சாகும்வரை அவனை அரிக்கும். சொல்லாவிட்டால் அந்தப் பழி ஆச்சி மேலேயே நிற்கும். நாகம்மை என்ன செய்யட்டும்? நீங்கள் அவள் இடத்தில் இருந்தால் சொல்வீர்களா? ஒரு வரியாவது பதில் எழுதுங்கள்.