வடகோடிக்குக் குடிபோன மாமனார்

ஆட்டோபைலட்டைப் போட்டுவிட்டால் அந்தப் படகு கரையிலிருந்த மாமனாரின் வீட்டை நோக்கித் திரும்பிவிடும். கடலில் எவ்வளவு தூரம் போயிருந்தாலும் அதே கதைதான். மாமனார் படகுகளின் மின்கருவிகளைப் பழுது பார்க்கிறவர். படகை ஓட்டியது அவருடைய மகளும் மருமகனும். கருவி செய்த கம்பெனியை அவர் நம்புவதில்லை, மருமகனை அந்த அளவுக்குக்கூட நம்புவதில்லை. ஆகவே கோளாறு ஓட்டுகிறவன் கையில்தான் என்று முடிவு கட்டியிருந்தார்.

பனிமூட்டமான ஒரு காலையில் அந்த முடிவு ஆட்டம் கண்டது. ஜன்னலில் நின்றிருந்தவருக்கு முதலில் எஞ்சின் சத்தம் கேட்டது, பிறகு படகின் மூக்கு தெரிந்தது. வீட்டுக்குக் கீழே முழுக்கப் பாறை. அவர் நெஞ்சு அடித்துக்கொள்ள அடித்துக்கொள்ள, படகு இம்மி பிசகாமல் அவரை நோக்கி வந்தது. பதறிப்போய் அடுத்த அறைக்கு ஓடினார். மூக்கும் அந்த அறைப் பக்கம் திரும்பியது. மகள் கருவியை அணைத்துவிட்டுச் சுக்கானைக் கையால் திருப்பியதால் உயிர் தப்பினார்கள்.

அன்றே படகுத்துறையில் வைத்து எல்லாவற்றையும் பிரித்தார். பேட்டரி சரி. பச்சைக் களிம்பு பூத்திருந்த பிளக்கைச் சுரண்டினார், சுக்கான் சென்சாரின் தளர்ந்த திருகை முடுக்கினார். காம்பஸ் பெட்டிக்குப் பக்கத்தில் மருமகன் பாட்டுப் பெட்டியின் ஸ்பீக்கரை மாட்டியிருந்தான். ஸ்பீக்கருக்குள் காந்தம் இருப்பதுகூடவா தெரியாது என்று ஒரு பிடி பிடித்தார். பாட்டு இல்லையென்றால் தூங்கிவிடுவேன் மாமா என்றான் அவன். ஸ்பீக்கரைக் கழற்றி எறிந்து, காம்பஸ் திசை பழகுவதற்காகப் படகை மெதுவாக இரண்டு வட்டம் ஓட்டிப் பார்த்தார்கள். வட்டம் முடிந்ததும் திரையிலிருந்த முள் அவரைக் காட்டியது. அவர் முன்னால் நடந்தால் முன்னால், பின்னால் நடந்தால் பின்னால். உடம்பில் இரும்பு இருக்கிறதோ என்று ஸ்பேனர், சாவி, பெல்ட், கண்ணாடி எல்லாவற்றையும் கரையில் வைத்துவிட்டு வந்தார். சட்டையையும் கழற்றியபோது பக்கத்துப் படகுக்காரன், என்னண்ணே குளியலா என்றான்.

மகள்தான் கேட்டாள். "அப்பா, நாங்க கடலுக்குப் போனா உங்களுக்குப் பயமா இருக்குமா?"

"எனக்கென்ன பயம்?"

முள் கிறுகிறுவென்று ஒரு சுற்று சுற்றி, மறுபடி அவர் நெஞ்சுக்கு நேராக நின்றது.

"இதுகிட்டப் பொய் சொல்லாதீங்கப்பா," என்றாள்.

புதுக் காம்பஸ் வாங்கி மாட்டினார். மத்தியானத்துக்குள் அதுவும் கற்றுக்கொண்டது. கடலுக்கே போகாதே என்று மகளிடம் சொல்லிப் பார்த்தார், அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பயப்படாமல் இருக்கப் பழகினார். அது இன்னும் மோசம், பயத்தை அடக்குவதே ஒரு பயமாகிப் போனது. கடைசியில் வீட்டைப் பூட்டிக்கொண்டு கரையின் வடகோடிக்குப் போனார். அங்கே படகுகளுக்கு வழிகாட்டும் விளக்குக் கம்பத்துக்கு அடியில் காலியாகக் கிடந்த அறையில் குடியேறினார். இனி முள் அவரைக் காட்டினாலும் வடக்கைத்தான் காட்டியாக வேண்டும். திசையில் கொஞ்சம் கோணல் வந்தது, மகள் அதைக் கருவியில் திருத்திப் போட்டாள். அதன் பிறகு அந்தப் படகு வழி தவறவில்லை. பல்வலி தாங்காமல் ஒரே ஒரு தடவை தெற்கே ஊருக்கு வந்தார். படகு அன்றைக்குப் பல் டாக்டரைப் பார்க்கக் கிளம்பிவிட்டது. பிறகு அவர் வலியைப் பொறுத்துக்கொண்டார்.

பயம் வருஷத்துக்கு வருஷம் கூடியதே தவிரக் குறையவில்லை. படகு கிளம்புமுன் மருமகன் போன் போடுவான்.

"மாமா, பயமா இருக்கா?"

"இருக்கு."

"சரி, அப்ப கிளம்புறோம்."