பாதுஷாவின் வால்

வாலின் அடியிலிருந்து கொஞ்சம் தள்ளி, மேல்பக்கத்தில், ஒரு புளியங்கொட்டை அளவுக்குத்தான் முதலில் முடி உதிர்ந்திருந்தது. வாரிக்கொண்டிருந்த ராஜாக்கண்ணுவின் கை அங்கேயே நின்றுவிட்டது. சீப்போடு கொத்தாக முடி வந்தது. அடியில் தோல் கறுத்து, எண்ணெய்ப் பிசுக்கேறியிருந்தது.

பாதுஷா சாதாரண நாய் இல்லை கண்ணுகளா. போளூரில் அரிசி மில் நடத்தும் புவனாவின் ஜெர்மன் ஷெப்பர்டு. நாய்க் கண்காட்சிகளில் கோப்பை வாங்கும் ஆண் நாய். கீழே வெயில் ஏறினால் முடி மெலிந்துவிடும் என்று, கோடைக்கு அதை மலைமேல் ஜமுனாமரத்தூர்ப் பக்கத்துத் தன் தோட்டத்துக்கு அனுப்பிவிடுவாள். தோட்டத்தைக் காக்கும் ராஜாக்கண்ணுதான் அதற்கு எல்லாம். அவர் சோற்றில் கை வைத்தால் அது அவர் முழங்காலில் தாடையை வைத்துக்கொள்ளும். “எல்லாருக்கும் சக்களத்தி வருவா, எனக்கு வால் வெச்ச சக்களத்தன் வந்துகீறான்” என்பாள் அவர் மனைவி திரௌபதி.

அன்று அவளுக்கும் சிரிப்பு வரவில்லை.

“இன்னாய்யா, மூஞ்சி வெளுத்துப் போயி கீது?”

“டிரம்மு, திரௌபதி. அந்த நீல டிரம்மு.”

ராஜாக்கண்ணு முன்பு வாணியம்பாடியில் தோல் பதனிடும் ஒரு ஷாப்பில், தோலிலிருந்து முடியைக் கழற்றும் சுண்ணாம்புக் குழியில் வேலை பார்த்தவர். நாயைக் குளிப்பாட்டும் டிரம்மில் முன்பு அங்கே சுண்ணாம்பு வைத்திருந்தார்கள். தேய்த்துத் தேய்த்துக் கழுவித்தான் கொண்டுவந்தார். ஆனாலும் குழியில் ஊறும் தோலை அவருக்குத் தெரியும். முதலில் ஓரிடம் இளகும். பிறகு கையால் வழித்தால் பாய் சுருட்டுவது போல மொத்த முடியும் வந்துவிடும்.

“வால்ல ஆரம்பிச்சிட்ச்சி. இனிமே முதுகு, அப்புறம் கழுத்து...”

“புவனாம்மாவுக்கு போன் போட்டு சொல்லிடு.”

“சொன்னா இட்டுனு போய்டுவாங்க. திரும்ப அனுப்பவே மாட்டாங்க.”

“செத்துகித்துப் போச்சின்னா?”

அவர் எழுந்து அடுப்படிக்குப் போனார். தோல் ஷாப்பில் சுண்ணாம்பை முறிக்கப் புளிப்புச் சேர்ப்பார்கள். வீட்டில் புளிக்குப் பஞ்சமில்லை. கெட்டியாகக் கரைத்து, தேங்காய் நாரில் தோய்த்து, முடி போன இடத்தில் அழுத்தித் தேய்த்தார். பாதுஷா நடுங்கியபடி நின்றது. அவர் கையை ஒருமுறை நக்கியது. “பொறுத்துக்கோடா ராஜா, உனுக்காகத்தான்” என்று மறுபடி தேய்த்தார்.

தினமும் அப்படியே. வட்டம் சுருங்கவில்லை, எலுமிச்சம்பழ அளவுக்கு விரிந்தது. கறுப்பாக இருந்த தோல் சிவந்து, கசியத் தொடங்கியது. சுண்ணாம்பு உள்ளே இறங்கிவிட்டது என்று நடுங்கிப்போய் அவர் இன்னும் அழுத்தித் தேய்த்தார். புளி கரைக்கும் சத்தம் கேட்டாலே பாதுஷா கட்டிலடியில் போய் ஒடுங்கியது. இழுத்துத்தான் வரவேண்டியிருந்தது. புவனா வீடியோ காலில் வந்தால், நாயின் முகத்தை மட்டும் காட்டிவிட்டு, “சிக்னல் இல்லீங்கம்மா” என்று வைத்துவிடுவார்.

சொல்லாமல் ஒருநாள் கார் வந்து நின்றது.

“தினம் மூஞ்சியையே காட்டுறியேண்ணா, பின்னாடி இன்னா ஆச்சு?” என்று கேட்டுக்கொண்டே இறங்கிய புவனா வாலைத் தூக்கிப் பார்த்தாள். உடனே நாயைக் காரில் ஏற்றச் சொன்னாள். மலைப்பாதை வளைவுகளில் கார் இறங்கும்போது ராஜாக்கண்ணு பின்சீட்டில் நாயோடு உட்கார்ந்து அதன் சங்கிலியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

போளூரில் கால்நடை மருத்துவர் வாலை விளக்கடியில் பிடித்துப் பார்த்தார். ராஜாக்கண்ணு டிரம், சுண்ணாம்பு, புளி எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

“சுண்ணாம்புன்னா உடம்பெல்லாம் வெந்திருக்குமேங்க. வாலுக்கு மட்டுமா வரும்?” என்றார் மருத்துவர். “வால் மேல எண்ணெய் சுரக்கிற இடம் ஒண்ணு இருக்கு. விதை எடுக்காத ஆண் நாய்ங்க சிலதுக்கு அது பெருத்துக்கும், முடி கொட்டும். மருந்து ஷாம்பு போட்டிருந்தா அடங்கியிருக்கும். இந்தப் புண்ணுதான் புளியால வந்தது.”

“டிரம்மு இல்லீங்களா?”

“இல்லைங்க.”

ஆறுதலாக இருக்கவேண்டிய சொல். அவர் புளிக்கறை படிந்த தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார்.

“முதல்லயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?” என்றாள் புவனா.

“நாயை இட்டுனு போய்டுவீங்கன்னு பயந்துட்டேம்மா. நானே மருந்து போடுறேன். என்கூடவே அனுப்புங்க. நல்லா ஆக்கிடுறேன்.”

மருத்துவர் களிம்பை நீட்டினார். ராஜாக்கண்ணு விரலில் எடுத்துக்கொண்டு குனிந்தார். பாதுஷா வாலைக் கால்களுக்கிடையில் சொருகி, பின்வாங்கிச் சுவரோடு ஒட்டிக்கொண்டது. தொண்டைக்குள் மெல்ல உறுமியது. அவரைப் பார்த்து அது உறுமியதே இல்லை.

“நான்தான்டா பாதுஷா” என்றார். கை இன்னும் கொஞ்சம் நீண்டது. நாய் பல்லைக் காட்டியது. அதன் உடம்பு முழுக்க உதறியது.

புவனா அவர் விரலிலிருந்த களிம்பைத் தன் விரலில் வழித்தெடுத்துக்கொண்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்தாள். பாதுஷா அவளைத் தடவ விட்டது. கண்ணை மட்டும் ராஜாக்கண்ணுவின் கையிலிருந்து எடுக்கவில்லை.

அவர் சங்கிலியைத் தரையில் வைத்து அவள் பக்கம் தள்ளினார்.

“புண்ணு ஆறினதும் வந்து பாருண்ணா.”

“வந்தா கிட்ட சேத்துக்குமாம்மா?”

“அத்த நான் எப்படிண்ணா சொல்றது?”

வாசலுக்குப் போவதற்கு நாயைத் தாண்டித்தான் போகவேண்டும். அது மிரளாமல் இருக்க, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, எதிர்ச்சுவரோரமாகவே அவர் நடந்தார்.