ரஹீமாவின் மனுவில் ஒரு பென்சில் கோடு

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் தட்டச்சுப் பொறியின் மூடிக்குள் பதினோரு வருடமாக ஓர் உறை கிடக்கிறது. பிரஸ்ஸல்ஸிலிருந்து வந்தது. பெயர் ரஹீமாவுடையது, முகவரி என்னுடையது. அவளிடம் இன்னும் கொடுக்கவில்லை. கொடுக்கத் துணிவில்லாதவன் கதை எழுதுகிறான், வேறென்ன செய்வான்.

2

"1998ஆம் ஆண்டு, பசுந்தாங் பேட்டையில் மழை—"

வேண்டாம். யாங்கோனைப் பற்றி எழுதுகிற எல்லாரும் மழையைத்தான் முதலில் கூப்பிடுகிறார்கள்.

"ரஹீமா துணிச்சலான பெண்—"

இதுவும் வேண்டாம். அவள் சரியான பயந்தாங்கொள்ளி. என் தெருக்காரி, ஊருக்கு வெளியே லைங் தாயா தொழிற்பேட்டையில் ஓர் ஆடை ஆலையில் காலர் தைத்தாள். மேலாளர் பக்கத்தில் வந்து நின்றாலே ஊசியை உடைத்துவிடுவாள். அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடியது.

பர்மாச் சரக்குக்குக் கொடுத்த வரிச் சலுகையை ஐரோப்பா நிறுத்தியதும் ஆர்டர் குறைந்தது. ஆலையை மூடப்போவதாகப் பேச்சு. நான் ஆங்கில மனு அடித்துப் பிழைப்பவன். ஐரோப்பாவில் நாடாளுமன்றத்துக்கும் சாமானியனுக்கும் இடைவெளி பெருகிவிட்டதாம், அதைக் குறைக்க யார் வேண்டுமானாலும் நேரே மனுப் போடலாமாம் என்று வானொலியில் அரைகுறையாகக் கேட்டதை அவளிடம் உளறியிருந்தேன். மறுநாளே வந்துவிட்டாள். என்னை அவள் அண்ணன் முறையில் 'நானா' என்றுதான் கூப்பிடுவாள்.

"எங்க வேலையப் பத்தி முடிவு எடுக்கிறவங்க எங்கள ஒரு வார்த்தை கேட்டாங்களா நானா? அத மட்டும் எழுதுங்க."

எழுதினேன். அவளோடு ஆலை பஸ்ஸில் போகும் நாற்பத்தொரு பெண்கள் கையெழுத்துப் போட்டார்கள்.

3

முதல் பிரதியில் இந்த இடத்தில் பொய் சொல்லியிருந்தேன். "ரஹீமா தானாகவே வார்டு ஆபீசுக்குப் போனாள்" என்று. அந்த வரியை நீக்கிவிட்டேன். அனுப்பியது நான்தான்.

(இந்த ஊரில் மின்சார மீட்டருக்கு மனுப் போட்டாலும் வார்டுத் தலைவரின் தௌக்கன்சா வேண்டும். 'இவர் எங்கள் பகுதிக்காரர், நல்லவர்' என்கிற சான்று. அது இல்லாத மனுவை எவரும் கையால் தொடமாட்டார். முப்பது வருடமாக அப்படியே அடித்துக் கொடுத்தவன் நான். ஐரோப்பாவும் ஓர் ஆபீஸ்தானே என்று நினைத்துவிட்டேன்.)

தலைவர் திட்டவில்லை. உட்காரச் சொல்லி, சான்று எழுதி, முத்திரை குத்தி, கோப்புக்கு மனுவின் நகல் ஒன்று வாங்கிக்கொண்டாராம். நல்ல மனுஷன் என்று ரஹீமா சொன்னாள். நானும் ஆமாம் என்றேன்.

4

ஆலை பஸ் என் ஜன்னலுக்குக் கீழேதான் நிற்கும். நான்காம் நாள் காலை நிற்கவில்லை. ரஹீமா சோற்றுக் கேரியரோடு கையை நீட்டினாள். உள்ளே இருந்தவர்கள் எல்லாம் கையெழுத்துப் போட்டவர்கள். ஒருத்தியும் திரும்பிப் பார்க்கவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, நானும் திரையை இழுத்துவிட்டேன்.

அன்று மாலை மாடிக்கு வந்தாள். வார்டில் கொடுத்த நகல் ஆலைக்குப் போய்விட்டதாம், அவளுக்கு இனி அங்கே வேலை இல்லையாம். அழவில்லை. சான்றையும் சேர்த்தே அனுப்பச் சொன்னாள்.

"படிக்கவாவது செய்வாங்களா நானா?"

படிப்பார்கள் என்றேன். அடுத்த மாதம் ஆற்றுக்கு அக்கரையில் தன்லியினில் இருக்கும் அக்காள் வீட்டோடு போய்விட்டாள்.

5

ஏழு மாதம் கழித்துப் பதில் வந்தது. மிகவும் மரியாதையான கடிதம். ஐரோப்பிய ஒன்றியத்தின் குடிமக்களும் அங்கே வசிப்பவர்களும் மட்டுமே மனு அளிக்கலாம் என்பதால் திருப்பி அனுப்புகிறார்களாம். சான்றையும் பத்திரமாகத் திருப்பியிருந்தார்கள். அதில் குடியுரிமை என்ற இடத்தில் வார்டுத் தலைவர் 'விசாரணையில்' என்று எழுதியிருந்தார். ரஹீமாவின் வாப்பா பிறந்ததே இந்தத் தெருவில்தான்.

கடிதத்தின் கடைசி வரி: 'தங்கள் தகவலுக்காக, எங்களுக்கு மனு அளிக்க எந்த அதிகாரியின் சான்றும் தேவையில்லை.'

அதைப் படித்ததும் உறையை மூடினேன். அவள் வேலை போனது என் பழக்கதோஷத்தால்.

மறுபடி திறந்தபோதுதான் திரும்பி வந்த மனுவில் இன்னொன்றைப் பார்த்தேன். 'எங்களை ஒரு வார்த்தை கேட்டீர்களா?' என்ற வரிக்குக் கீழே மெல்லிய பென்சில் கோடு. பிறகு அழிக்கப் பார்த்த தடமும் இருந்தது. நான் போட்டதில்லை, என்னிடம் பென்சிலே கிடையாது. அங்கே யாரோ ஒருவர் படித்திருக்கிறார்.

6

முடிவு அ: பாலம் தாண்டிப் போய் உறையைக் கொடுக்கிறேன். ரஹீமா கதவைத் திறந்து—

(இரண்டு முறை பஸ் நிறுத்தம்வரை போய்த் திரும்பியிருக்கிறேன்.)

முடிவு ஆ: கடிதத்தைக் கிழித்துவிட்டு, கோடு போட்ட தாளை மட்டும் கொடுக்கிறேன். 'படிச்சாங்க ரஹீமா' என்கிறேன். அவள் கேட்டது அது ஒன்றுதானே. ஆனால் இதை எழுதும்போதே கை கூசுகிறது. இன்றுவரை அவள் என்னை ஒரு சொல் குறை சொன்னதில்லை என்று அங்கிருந்து வருகிறவர்கள் சொல்கிறார்கள். அதுதான் தாங்க முடியவில்லை.

மூன்றாவது முடிவு என்னிடம் இல்லை. எழுதினால் மனம் லேசாகும் என்று நினைத்தேன், ஆகவில்லை. அறையில் நானும் பொறியும்தான். ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. அவளுடைய கடிதத்தை அவளுக்கு முன்பே படித்தவர்கள் இப்போது இரண்டு பேர், நானும் நீங்களும்.

தன்லியினுக்குப் பஸ் காலை ஏழு மணிக்கு. எனக்குப் பக்கத்து இருக்கையில் யாரும் உட்காரப்போவதில்லை. நீங்கள் வருவதானால் சொல்லுங்கள்.