அயிரைகளுக்கு ஓர் ஆறு

மீன் தொட்டிக்குள் முழங்கை வரை கையை விட்டுக் கூழாங்கற்களைத் தோண்டிக்கொண்டிருந்தவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

ஏற்பாடு ஒன்றும் பிரம்ம வித்தை இல்லை. நீளமான தொட்டியின் இடது முனையில் இரண்டு பம்ப், வலது முனையில் பஞ்சு மாட்டிய குழாய் வாய். அங்கே உள்ளே போகும் தண்ணீர், கற்களுக்கு அடியில் புதைத்த குழாய் வழியாகப் பம்புக்கு வந்து, மேலே ஆறு மாதிரி ஒரே திசையில் பாய வேண்டும். பாய்ந்துகொண்டுதான் இருந்தது. ஆனாலும் மூக்குக்கண்ணாடிக் கடையில் நாளெல்லாம் பிரேம் எடுத்துக் காட்டிவிட்டு அவள் வீடு திரும்பும்போது, அந்த ஆற்று அயிரைகள் மேல்மட்டத்தில் வாயைப் பிளந்துகொண்டு தவித்தன. ஐந்தில் இரண்டு செத்தும் போய்விட்டன.

“எஞ்சினியரம்மா, இன்னிக்கும் ஆபரேஷனா?” என்றான் கணவன். விடியுமுன் பேக்கரிக்குப் போய், மதியமே வந்து தொட்டிக்கு எதிர் சோபாவில் சாய்கிறவன்.

“வயித்தெரிச்சலக் கிளப்பாதீங்க. ஓட்டம் பத்தல. இன்னொரு பம்ப் போடப் போறேன்.”

“இன்னொண்ணா? ஐயோ பாவம்மா அதுங்க!”

அவள் காதில் வாங்கவில்லை. மூன்றாவது பம்பும் ஏறியது. மறுநாள் அயிரைகள் முன்னைவிட மோசமாகத் துவண்டு கிடந்தன.

அதற்கு அடுத்த நாள் தலைவலி என்று மதியமே வீட்டுக்கு வந்தாள். கதவைத் திறந்ததும் உறைத்தது, பம்ப் சத்தம் இல்லை. தொட்டித் தண்ணீர் குட்டையாக நின்றது. கணவன் அடித்துப் பிடித்து சோபாவிலிருந்து எழுந்து சுவிட்சுக்கு ஓடினான்.

“தினமும் ஆஃப் பண்றீங்களா?”

“கோவிச்சுக்காத. பகலெல்லாம் எதிர்த்தண்ணியில தம் கட்டி நிக்குதுங்க. நானும் நின்னுக்கிட்டே மாவு பிசையறவன்தானே, கால் வலி தெரியாதா? கொஞ்சம் ரெஸ்ட் குடுப்போம்னு... நீ வர்ற நேரத்துக்குப் போட்டுடுவேன்.”

“அதுக்குக் காலே இல்லீங்க!”

“பாரு, எப்படி மூச்சு வாங்குது! அவ்ளோ களைப்பு.”

“களைப்பு இல்ல, மூச்சே கிடைக்கல! தண்ணி ஓடினாத்தான் அதுக்குக் காத்து. நான் பம்ப் மேல பம்ப் மாட்டறேன், நீங்க அதப் பார்த்துப் பரிதாபப்பட்டு இன்னும் அதிக நேரம் நிறுத்தறீங்க. எங்க போய் முட்டிக்கறது நான்?”

அவன் முகம் வெளிறியது. “அப்போ அந்த ரெண்டும்...?”

அவள் சுவிட்சைப் போட்டாள். தண்ணீர் சீறிக்கொண்டு பாய்ந்தது. சற்றுப் பொறுத்து இரண்டு அயிரைகள் கீழே இறங்கிக் கல்லில் ஒட்டிக்கொண்டன. மூன்றாவது, எல்லாவற்றிலும் சின்னது, ஓட்டத்தில் உருண்டு வலது முனைக்குப் போய் விழுந்தது. அவன் கை தானாகச் சுவிட்சுக்குப் போனது.

“கைய எடுங்க.”

“அடிச்சுக்கிட்டுப் போகுதுடி!”

“எடுங்கன்னேன்ல!” அவன் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். மாவு காய்ந்த கை இன்னும் சுவிட்சுப் பக்கமே இழுத்தது.

சின்னது மறுபடி கிளம்பியது, மறுபடி உருண்டது. அவன் கண்ணை மூடிக்கொண்டான். “நீயே பார்த்துச் சொல்லு.”

பம்புக்கு நேர் எதிரே, தண்ணீர் முகத்தில் அறையும் கல்லின் மேல், அது வயிற்றைப் பதித்து ஊர்ந்து ஏறிக்கொண்டிருந்தது. சொல்லலாம்தான். மனுஷன் கொஞ்சம் தவிக்கட்டும் என்று வாயை மூடிக்கொண்டாள். கையை மட்டும் விடவில்லை.