நாற்பத்தொரு காதுகள்

"சாக்கு எங்க?"

காலணிப் பனியைக்கூடத் தட்டாமல் உள்ளே வந்து நின்றார் ஓமுர்பெக். சைக்கால் அடுப்பை விட்டு நகரவில்லை.

"எந்தச் சாக்கு?"

"காது வெச்சிருக்கிற சாக்குதான். காதைக் காட்டாம நிவாரணம் எவன் தருவான்?"

செத்த ஆட்டுக்கு அரசாங்கம் பணம் தரும். செத்ததற்குச் சாட்சி, எண் வில்லை தொங்கும் காது. மழை பெய்து உறைந்து மேய்ச்சல் முழுக்கப் பனிக்கட்டி மூடிய அந்த ஐந்து நாளில், சைக்காலின் நாற்பத்தொரு ஆடுகளும் பட்டினியில் செத்தன. விறைத்த காதுகளை ஒவ்வொன்றாக அறுத்தவளும் அவள்தான். ஓமுர்பெக்கின் ஆடுகள் கொட்டகைக்குள் சுகமாகக் காய்ந்த புல் தின்றுகொண்டிருந்தன. ஒரு கட்டுப் புல் கேட்டவளுக்கு, "எனக்கே பத்தாது" என்று கதவைச் சாத்திய புண்ணியவான் அவர். செத்துப்போன அவள் கணவனின் கூடப்பிறந்த அண்ணன். "பொம்பளை பேர்ல மந்தையா? ஊர் சிரிக்கும்" என்று மூன்று வருஷத்துக்கு முன்பே பதிவேட்டில் தன் பேரை எழுதிக்கொண்டவரும் அவரே.

"அந்தப் பணம் வந்தாத்தான் பத்து குட்டியாவது வாங்கி நானும் எம்பொண்ணும் பொழைக்க முடியும், பெரிய வீட்டவரே."

"நான் பாத்துக்க மாட்டேனா?" சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் கிராம அலுவலகத்தில் மாவட்ட அதிகாரி பட்டியலை வாசித்து முடித்தார். "ஆட்சேபம் இருக்கா?"

"இருக்கு," என்று எழுந்தாள் சைக்கால். "செத்தது என் ஆடு. பணம் வேற ஆளுக்குப் போகுது."

"யாருக்கு? பேரைச் சொல்லுங்க."

கூடத்தில் எல்லாத் தலையும் அவள் பக்கம் திரும்பியது. மாமனார் பேரையும் கணவனின் அண்ணன் பேரையும் மருமகள் வாயால் சொல்லக் கூடாது. பத்தொன்பது வருஷமாக அவளும் சொன்னதில்லை. ஓமுர்பெக் சாய்ந்து உட்கார்ந்து மீசையைத் தடவிக்கொண்டார். அந்த வழக்கம் இருக்கும்வரை அவருக்கென்ன கவலை!

"பேர் இல்லாம எழுத முடியாதும்மா," என்றார் அதிகாரி. பேர் அவர் கையிலிருந்த பட்டியலிலேயே இருந்தது. குனிந்து பார்க்க அவருக்குச் சம்பளம் போதவில்லை போலும்.

"ஓமுர்பெக்," என்றாள் சைக்கால். குரல் நடுங்கியது. "அசானோட மகன் ஓமுர்பெக். எழுதிக்குங்க."

"அடிப்பாவி! மாமனார் பேரையுமா?" என்று பின்னாலிருந்து ஒருத்தி அலறினாள். ஓமுர்பெக்கின் முகம் செத்துவிட்டது. அதிகாரி 'குடும்பத் தகராறு' என்று எழுதிக் கோப்பை மூடினார். அந்த வாரமே பணம் ஓமுர்பெக்குக்குப் போய்ச் சேர்ந்தது.

ஊரில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. வெள்ளிக்கிழமை பெரியவர்கள் கூடினார்கள். நாற்பத்தொரு ஆடுகளைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவள் சொன்ன இரண்டு பேர்களைப் பற்றித்தான் மூன்று கெண்டி டீ காலியாகும்வரை விசாரித்தார்கள். தீர்ப்பைச் சொல்ல ஜூமாலி கிழவர் அவள் வீட்டுக்கு வந்தார்.

"ரெண்டு பேரைச் சொன்னதுக்கு ரெண்டு ஆடு அபராதம்னாங்க. நான்தான் பேசி ஒண்ணாக் கொறைச்சேன், பொண்ணே. அறுத்து ஊருக்கு விருந்து வெச்சிடு."

சைக்கால் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். இந்த முறை குரல் நடுங்கவில்லை.

"உங்களுக்குப் பெரிய மனசு, தாத்தா. ஆனா என் ஆடெல்லாம் ஓமுர்பெக் பேர்லதானே இருக்கு? ஓமுர்பெக்கிட்டயே வாங்கிக்குங்க. கதவைத் தொறக்கலைன்னா சொல்லியனுப்புங்க, நானே வாசல்ல நின்னு பேர் சொல்லிக் கூப்பிடுறேன்."